ஐம்பதா, முப்பத்தைந்தா? கிராப் சென்சார் கேமராவுக்கு முதல் பிரைம் லென்ஸ்

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமராவை முதன்முதலில் வாங்குவோருக்கு அதனுடன் சேர்ந்து வருவது பெரும்பாலும் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ். புகைப்படக்காரர்கள் கிட் லென்ஸ் என்று அழைக்கும் இந்த லென்ஸ் பகல் வெளிச்சத்தில் குறையின்றிப் பணிசெய்தாலும், விளக்கொளியில் எடுத்த படங்கள் அசைந்தும் புள்ளி புள்ளியாகவும் வருவதையும், முகத்தின் பின்னணி எதிர்பார்த்த அளவு மங்காமல் இருப்பதையும் கண்ட பின்னர், அதை வைத்திருப்பவரின் நாட்டம் ஒரு பிரைம் லென்ஸின் பக்கம் திரும்புகிறது. அப்போது கடைக்காரரும் நண்பரும் ஒரே குரலில் சொல்லும் விடை 50 மி.மீ. எஃப் 1.8 என்பதே. பிலிம் காலத்தில் முழுக்க முழுக்கப் பொருத்தமாக இருந்த இந்த அறிவுரை, சிறிய சென்சார் கொண்ட இன்றைய கேமராக்களுக்குப் பாதிதான் பொருந்துகிறது. எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையே வழக்கமாக எவ்வளவு தூரம் இருக்கும் என்பதே லென்ஸைத் தீர்மானிக்க வேண்டுமே தவிர, பழக்கத்தில் வந்துவிட்ட ஓர் எண் அல்ல.

சில அடிப்படைச் சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தொலைதூரப் பொருளிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை லென்ஸ் தனக்குப் பின்னால் எத்தனை மில்லிமீட்டரில் குவிக்கிறதோ அதுவே அதன் குவியத் தொலைவு எனப்படும். இந்தத் தொலைவு குறைவாக இருந்தால் லென்ஸ் பார்க்கும் கோணம் அகலமாகவும், அதிகமாக இருந்தால் கோணம் குறுகிப் பொருள் பெரிதாகவும் தெரியும். குவியத் தொலைவை மாற்றிக்கொள்ள இடம் தருவது ஜூம் லென்ஸ். ஒரே குவியத் தொலைவில் நிலைத்திருப்பது பிரைம் லென்ஸ். ஒன்றை மட்டுமே செய்ய வேண்டியிருப்பதால் பிரைம் லென்ஸைச் சிறிதாகவும் எடை குறைந்ததாகவும் அமைக்க முடிகிறது. அதே விலைக்குள் ஒளி புகும் துளையையும் மிகப் பெரிதாக வைக்க முடிகிறது.

கிராப் சென்சார் என்ற பெயர் ஓர் ஒப்பீட்டிலிருந்து பிறந்தது. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கார் பர்னாக், திரைப்படப் பிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, அதன் சட்டகத்தை இரட்டிப்பாக்கி 36×24 மி.மீ. அளவில் படமெடுக்கும் சிறு கேமராவை உருவாக்கினார். அது 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் லைக்கா என்ற பெயரில் அறிமுகமானது. அந்த 36×24 அளவே உலகெங்கும் அளவுகோலாகிவிட்டதால், இன்றைக்கும் அதே அளவுள்ள டிஜிட்டல் சென்சாரை ஃபுல் ஃபிரேம் என்கிறார்கள். அவ்வளவு பெரிய சென்சாரைச் செய்வது மிகுந்த செலவு பிடித்த காரணத்தால், டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்களின் தொடக்க காலத்திலேயே நிறுவனங்கள் சிறிய அளவொன்றைத் தேர்ந்துகொண்டன. 1996இல் வந்த ஏபிஎஸ் என்னும் பிலிம் முறையின் ஒரு சட்டக அளவை ஏறத்தாழ ஒத்திருந்ததால் அதற்கு ஏபிஎஸ்-சி என்று பெயர் நிலைத்தது. நிக்கான், சோனி, ஃபியூஜிஃபில்ம், பென்டாக்ஸ் கேமராக்களில் இது சுமார் 23.5×15.6 மி.மீ.; கேனான் கேமராக்களில் இன்னும் சற்றுச் சிறிதாக, சுமார் 22.3×14.9 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையில் அதுவும் சுருங்கி 17.3×13 மி.மீ. ஆகிறது.

லென்ஸ் விழச்செய்யும் பிம்பம் எந்த சென்சாரிலும் ஒன்றுதான். சிறிய சென்சார் அந்தப் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் பதிவு செய்துகொண்டு ஓரங்களை விட்டுவிடுகிறது. அச்சிட்ட புகைப்படம் ஒன்றின் நான்கு ஓரங்களையும் வெள்ளைத் தாளால் மறைத்து, எஞ்சிய நடுவை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பதைப் போன்றது இது. ஆகவே பார்வைக் கோணம் குறுகுகிறது. எவ்வளவு குறுகுகிறது என்பதைச் சொல்லும் எண்ணே கிராப் மடங்கு: பெரும்பாலான ஏபிஎஸ்-சி கேமராக்களில் 1.5, கேனானில் 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2. ஒரு 50 மி.மீ. லென்ஸை நிக்கானின் ஏபிஎஸ்-சி கேமராவில் பொருத்தினால், ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணம் கிடைக்கிறது. கேனானில் அது 80 மி.மீ. கோணத்துக்குச் சமம். லென்ஸின் குவியத் தொலைவு இதனால் மாறுவதில்லை.

இந்த இடத்தில் வாங்குவோரிடையே பரவலாக நிலவும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சிறிய சென்சாருக்கென்றே செய்யப்பட்ட லென்ஸில், எடுத்துக்காட்டாக நிக்கானின் டிஎக்ஸ் 35 மி.மீ. லென்ஸில், பொறிக்கப்பட்டுள்ள 35 என்னும் எண் ஏற்கெனவே கணக்கிட்டு மாற்றிய எண் என்று சிலர் கருதுகின்றனர், அது சரியன்று. எந்த லென்ஸிலும் பொறிக்கப்படுவது அதன் உண்மையான குவியத் தொலைவே. டிஎக்ஸ் 35 மி.மீ. லென்ஸும், ஃபுல் ஃபிரேமுக்கெனச் செய்த 35 மி.மீ. லென்ஸும் ஒரே ஏபிஎஸ்-சி கேமராவில் ஒரே கோணத்தையே தரும். முன்னதன் பிம்பவட்டம் சிறிய சென்சாரை மூடும் அளவுக்கு மட்டும் போதும் என்பதால், அது சிறிதாகவும் மலிவாகவும் அமைகிறது என்பதே வேறுபாடு.

கோணங்களைப் பாகையில் சொல்வதைக் காட்டிலும், வீட்டு அறை ஒன்றை வைத்துக் கணக்கிட்டால் விஷயம் உடனே விளங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள ஓர் அறையின் நீளம் சுமார் 3.6 மீட்டர். படமெடுப்பவர் ஒரு சுவரில் முதுகு படிய நின்று, எதிர்ச் சுவருக்குச் சற்று முன்னால் நிற்பவரை நோக்கினால், இருவருக்கும் இடையே மிஞ்சும் தூரம் ஏறத்தாழ 3 மீட்டர். நிக்கான் அல்லது சோனியின் ஏபிஎஸ்-சி கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால், அந்தத் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸின் சட்டகத்துக்குள் அடங்கும் அகலம் 1.4 மீட்டர் மட்டுமே; 35 மி.மீ. லென்ஸில் 2 மீட்டரும், 24 மி.மீ. லென்ஸில் 2.9 மீட்டரும், 16 மி.மீ. லென்ஸில் 4.4 மீட்டரும் அடங்கும். 1.4 மீட்டருக்குள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும் இரண்டு பேரோ, மிகவும் இடித்துக்கொண்டால் மூன்று பேரோ கொள்வார்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினாலும் அதே 1.4 மீட்டர்தான் உயரமாகக் கிடைக்கும் என்பதால், நிற்கும் ஓர் ஆளின் தலையையும் பாதத்தையும் ஒருசேர அடக்க முடியாது. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சிறிது இடம்விட்டு 2 மீட்டர் உயரம் வேண்டுமென்றால் 50 மி.மீ. லென்ஸோடு 4.3 மீட்டர் பின்வாங்க வேண்டும். அந்த அறையிலோ அதற்குள் சுவர் வந்துவிடும். 35 மி.மீ. லென்ஸுக்கு அதே படம் 3 மீட்டரிலேயே அடங்குகிறது.

வளைகாப்பு, பிறந்தநாள், புதுமனைப் புகுவிழா என வீட்டுக்குள் நடக்கும் நிகழ்வுகளைப் படமெடுக்க எண்ணி 50 மி.மீ. லென்ஸை வாங்கியவர்கள், அதை வெளிப்புறத்தில் முகங்களை எடுக்க மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் மீண்டும் கிட் லென்ஸுக்கே திரும்பிவிடுவதன் காரணம் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. லென்ஸில் குறை எதுவும் இல்லை. நின்று எடுக்க இடம் போதவில்லை.

பிலிம் காலத்தில் 50 மி.மீ. லென்ஸுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. சட்டகத்தின் மூலைவிட்ட நீளத்தை ஒட்டிய குவியத் தொலைவுள்ள லென்ஸை இயல்பு லென்ஸ் என்று கொள்வது மரபு. அதன் படம் அகலமாக விரிந்ததாகவோ குறுகி நெருங்கியதாகவோ தோன்றாது. 36×24 சட்டகத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ.; லைக்கா அதற்கருகில் 50 மி.மீ. லென்ஸோடு வந்தது, உலகமும் அதைப் பின்பற்றியது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதிப் படங்களை லைக்காவில் 50 மி.மீ. லென்ஸைக் கொண்டே எடுத்தார். ஏபிஎஸ்-சி சென்சாரின் மூலைவிட்டமோ 28 மி.மீ. அளவே. ஆகவே அவர் கண்ட கோணத்தை இன்றைய ஏபிஎஸ்-சி கேமராவில் காண விரும்புபவர் வாங்க வேண்டியது 50 மி.மீ. லென்ஸை அல்ல, 28 முதல் 35 மி.மீ.க்குள் அமையும் ஒன்றை. துல்லியமாகக் கணக்கிட்டால் 33 மி.மீ. முதல் பிரைம் லென்ஸ் எதுவென்ற கேள்விக்குப் பெரும்பாலானோருக்குப் பொருந்தும் விடை இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் 50ஐயே பரிந்துரைப்பது ஏன்? அது மலிவு என்பதால். மலிவுக்கான காரணம் லென்ஸ் வடிவமைப்பின் வரலாற்றில் இருப்பதால் சற்று நின்று பார்க்கத் தக்கது. 1896இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானார் என்ற லென்ஸில், நடுவிலுள்ள துளையின் இருபுறமும் வில்லைகள் ஏறக்குறைய ஒன்றையொன்று பிரதிபலிப்பவைபோல் அமைந்திருந்தன. லென்ஸுக்குள் இருக்கும் தனித்தனிக் கண்ணாடித் துண்டுகளையே இங்கு வில்லை என்கிறோம். முன்பாதி ஏற்படுத்தும் சில பிழைகளைப் பின்பாதி ஈடுசெய்துவிடுவதால், ஆறு ஏழு வில்லைகளைக் கொண்டே பெரிய துளையும் தெளிவான பிம்பமும் உள்ள லென்ஸைச் செய்ய இந்த அமைப்பு வழிவகுத்தது. 1990இல் வந்து கால் நூற்றாண்டு விற்பனையான கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும், அதன் இடத்தில் 2015இல் வந்த புதிய வடிவமும் ஆறு வில்லைகள் மட்டுமே கொண்டவை. பழையது 130 கிராம், புதியது 160 கிராம்.

குவியத் தொலைவு குறையும்போது இந்த எளிமை கைகொடுப்பதில்லை. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே மேலெழும் கண்ணாடி ஒன்று இயங்குகிறது. அதற்கு இடம்விட வேண்டியிருப்பதால், லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே நிக்கானில் 46.5 மி.மீ., கேனானில் 44 மி.மீ. இடைவெளி உண்டு. 50 மி.மீ. லென்ஸ் இந்த இடைவெளியோடு எளிதில் ஒத்துப்போகிறது. 35 அல்லது 24 மி.மீ. லென்ஸோ தன் குவியத் தொலைவைக் காட்டிலும் நீண்ட தூரத்துக்குப் பிம்பத்தைத் தள்ளியாக வேண்டும். அதற்காக முன்பக்கத்தில் ஒளியை விரிக்கும் வில்லைகளையும் பின்பக்கத்தில் அதைக் குவிக்கும் வில்லைகளையும் வைக்கும் அமைப்பை, பிரான்சின் ஆன்ஜெனியூ நிறுவனம் 1950இல் எஸ்.எல்.ஆர். கேமராவுக்குக் கொண்டுவந்தது. முன்னும் பின்னும் ஒத்திருக்கும் அனுகூலம் இதில் குலைந்துவிடுவதால், பிழைகளைத் திருத்தக் கூடுதல் வில்லைகள் தேவைப்படுகின்றன, விலையும் ஏறுகிறது. ஆகவே 50 மி.மீ. லென்ஸ் மலிவாக இருப்பது ஃபுல் ஃபிரேம் பிலிமின் அளவும் எஸ்.எல்.ஆர். கண்ணாடியின் இடைவெளியும் சேர்ந்து விளைவித்த பயன். கிராப் சென்சாருக்கு அது பொருத்தமானது என்பதற்கு அதில் எந்தச் சான்றும் இல்லை.

மிரர்லெஸ் கேமராக்களில் கண்ணாடி இல்லாததால் இந்த இடைவெளி பெரிதும் குறைந்துவிட்டது: சோனியில் 18 மி.மீ., ஃபியூஜிஃபில்மில் 17.7, நிக்கான் இசட் முறையில் 16, கேனான் ஆர்எஃப் முறையில் 20. அகலக் கோணமுள்ள சிறிய பிரைம் லென்ஸ்கள் இப்போது ஒவ்வொரு நிறுவனத்திடமும் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரைம் லென்ஸின் இன்னொரு பெரும் பயன் வெளிச்சம். எஃப் எண் என்பது குவியத் தொலைவை, லென்ஸின் முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது; ஆகவே எண் சிறிதானால் துளை பெரிது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் துளை சுமார் 28 மி.மீ. விட்டம் கொண்டது. கிட் லென்ஸ் 55 மி.மீ. நிலையில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 5.6ஐ 1.8ஆல் வகுத்து வரும் ஈவை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 9.7 வருகிறது, அதாவது பிரைம் லென்ஸ் சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து மடங்கு வெளிச்சம் தருகிறது. குழல்விளக்கின் ஒளியில் ஐஎஸ்ஓ 6400 வைத்துப் புள்ளிகள் நிறைந்த படமாக எடுக்க வேண்டியதை, அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 640 வைத்துத் தூய்மையாக எடுத்துவிடலாம். 35 மி.மீ. நிலையில் கிட் லென்ஸ் பொதுவாக எஃப் 4.5 வரை திறக்கும்; அதனோடு ஒப்பிட்டாலும் எஃப் 1.8க்கு ஆறு மடங்கு வெளிச்சம் கூடுதல். இரவில் விளக்கொளியில் ஆடும் கூத்துக் கலைஞரின் கை அசைவை உறையச்செய்ய ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒரு பங்காவது இருக்க வேண்டிய இடத்தில், இந்த வேறுபாடே படம் கிடைப்பதையும் கிடைக்காமல் போவதையும் முடிவு செய்கிறது.

பெரிய துளை தரும் மற்றொரு விளைவு, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைவது. குவியப்படுத்திய பொருளுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் வரை படம் தெளிவாகத் தோன்றுகிறதோ அதைப் புல ஆழம் என்பர். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் முழுக்கத் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்திலுள்ள முகத்தை எடுத்தால் புல ஆழம் ஆறேழு சென்டிமீட்டருக்கு மேல் இராது. கண்ணில் குவியம் வைத்தால் காது மங்கத் தொடங்கிவிடும். பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்கும் அழகு இதிலிருந்துதான் வருகிறது. புதியவர்கள் எடுக்கும் படங்களில் மூக்கு தெளிந்து கண் மங்கிப்போகும் குறையும் இதிலிருந்துதான் வருகிறது. இரண்டு பேரைச் சேர்த்து எடுக்கும்போதே எஃப் 2.8 அல்லது 4 வரை துளையைச் சுருக்கிக்கொள்வது பாதுகாப்பானது. மேலும், மலிவான பிரைம் லென்ஸ்கள் முழுக்கத் திறந்த நிலையில் சற்று மென்மையாகவும், பளிச்சிடும் விளிம்புகளில் ஊதா நிறக் கசிவோடும் படம் தருவது இயல்பு, எஃப் 2.8 அளவுக்குச் சுருக்கினால் அவை பெரிதும் மறைந்துவிடும்.

கிராப் மடங்கை எஃப் எண்ணுக்கும் பெருக்க வேண்டுமா என்ற வாதம் புகைப்படக்காரர்களிடையே ஓயாமல் நடக்கிறது. வெளிச்சத்தை அளவிடும்போது பெருக்கக் கூடாது: எஃப் 1.8 எந்தக் கேமராவிலும் எஃப் 1.8 தரும் ஷட்டர் வேகத்தையே தரும். பின்னணி மங்குவதை ஒப்பிடும்போது பெருக்கத்தான் வேண்டும்: ஏபிஎஸ்-சியில் 35 மி.மீ. எஃப் 1.8 தரும் மங்கல், ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 2.7 அளவில் வைத்தால் வரும் மங்கலுக்கு நிகரானது. பெரிய கேமராவில் எடுத்த படங்களைப் பார்த்து மனத்தில் ஓர் எதிர்பார்ப்பை வளர்த்துக்கொண்டவர் இந்த வேறுபாட்டை அறிந்தே வாங்க வேண்டும். அத்தகைய மங்கல் இன்றியமையாதது என்று கருதுபவருக்கு எஃப் 1.4 லென்ஸின் கூடுதல் விலை வீண் அல்ல.

முகத்தின் வடிவம் லென்ஸின் எண்ணைப் பொறுத்தது என்பதும் திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு கருத்து. மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தோன்றுவதற்குக் காரணம் கேமரா முகத்துக்கு மிக அருகில் இருப்பதே. அதே இடத்தில் நின்றால் எந்த லென்ஸும் அதே விகிதத்தையே காட்டும். ஆனால் லென்ஸ் நம்மை எங்கே நிற்கவைக்கிறது என்பது முக்கியம். தலையும் தோளும் சட்டகத்தை நிரப்பும்படி, அதாவது 60 செ.மீ. உயரம் அடங்கும்படி, செங்குத்தாக எடுப்பதற்கு 35 மி.மீ. லென்ஸோடு 90 செ.மீ. வரை நெருங்க வேண்டும், 50 மி.மீ. லென்ஸோடு 1.3 மீட்டரில் நிற்கலாம், 56 மி.மீ. லென்ஸ் அதை 1.4 மீட்டருக்குமேல் தள்ளுகிறது, 85 மி.மீ. லென்ஸோடு 2.2 மீட்டர் விலக வேண்டும். 90 செ.மீ. தூரத்தில் முகம் இலேசாகப் புடைத்துத் தெரியத் தொடங்கும். எடுக்கப்படுபவருக்கும் கேமரா தம்மேல் வந்து விழுவதைப்போன்ற கூச்சம் உண்டாகும். ஆகவே முகங்களையே முதன்மையாக எடுப்பவருக்கு, அதுவும் மொட்டைமாடியிலோ திறந்தவெளியிலோ எடுப்பவருக்கு, 50 மி.மீ. லென்ஸ் மிகச் சிறந்த தேர்வு. குறைந்த விலையில் இத்தனை நல்ல முகப்பட லென்ஸ் கிடைப்பது கிராப் சென்சார் வைத்திருப்போருக்கு வாய்த்த நன்மை என்றே சொல்ல வேண்டும்; அதை எல்லாவற்றுக்குமான முதல் லென்ஸ் என்று நம்பி வாங்குவதே தவறு.

தமக்குரிய குவியத் தொலைவு எது என்பதைப் பணம் செலவழிக்கும் முன்பே கிட் லென்ஸைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். ஒவ்வொரு டிஜிட்டல் படத்தின் கோப்பிலும் அது எந்தக் குவியத் தொலைவில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு பதிவாகியிருக்கும். முந்தைய ஆண்டின் படங்களை அக்குறிப்பின்படி வரிசைப்படுத்திப் பார்க்கும்படி பலரும் அறிவுறுத்துகின்றனர். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. ஜூம் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பிவிடுவது மனிதக் கையின் இயல்பு என்பதால், படங்கள் 18இலும் 55இலும் குவிந்து கிடக்கும். அதைக்கொண்டு 18 மி.மீ. தேவை என்றோ 55 தேவை என்றோ முடிவு செய்தால் அது வளையத்தின் எல்லையைக் காட்டுமே தவிர, எடுப்பவரின் கண்ணைக் காட்டாது. அதைவிட நம்பகமான வழி, ஜூம் வளையத்தை 35இல் வைத்து, நகராதபடி ஒட்டுநாடாவால் சுற்றி, ஒரு வார காலம் வழக்கமாக எடுக்கும் எல்லாவற்றையும் அதில் மட்டுமே எடுப்பது. அடுத்த வாரம் 24இலும், அதற்கடுத்த வாரம் 50இலும் அவ்வாறே செய்வது. முதுகு சுவரில் முட்டியது எத்தனை முறை, அணுக முடியாமல் படத்தில் ஆள் சிறுத்துப்போனது எத்தனை முறை என்பதைக் கவனித்தாலே விடை தானாகத் தெளியும். தெருக்காட்சிகளையும் பயணங்களையும் விரும்புவோர் பலருக்கு 23 அல்லது 24 மி.மீ. லென்ஸே இதில் ஏற்றதாக அமையும். ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. லென்ஸ் தரும் கோணம் அது, மனிதரையும் அவர் நிற்கும் சூழலையும் ஒன்றாகக் காட்டவல்லது.

கேமராவின் வகையைப் பொறுத்துக் கிடைக்கும் லென்ஸ்கள் மாறுகின்றன. நிக்கான் எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவருக்கு 2009இல் வந்த டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட ஐயத்துக்கு இடமில்லாத தேர்வு. 200 கிராம் எடையுள்ள அது, கிராப் சென்சாரின் இயல்பு லென்ஸாகவே திட்டமிட்டுச் செய்யப்பட்டது. கேனான் எஸ்.எல்.ஆர். பயனர்களுக்கு அதற்கு நேர் இணையான மலிவு லென்ஸ் ஒன்றும் அமையவில்லை. 2014இல் வந்த 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 125 கிராம் எடையில் சட்டைப்பையில் அடங்கும் அளவு தட்டையானது என்றாலும், எஃப் 1.8 லென்ஸோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவான வெளிச்சமே தருகிறது. சோனி, ஃபியூஜிஃபில்ம் மிரர்லெஸ் கேமராக்களுக்குச் சிக்மா நிறுவனத்தின் 16, 30, 56 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்கள் விலைக்கு மிஞ்சிய தரமுடையவை. 2024 முதல் கேனான் ஆர்எஃப் பொருத்துவளையத்திலும் அவை வருகின்றன. ஃபியூஜிஃபில்மின் 23, 35, 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ்கள் தூறலுக்கும் தூசிக்கும் தாங்கும்படி செய்யப்பட்டவை. நிக்கான் இசட் வரிசையில் 135 கிராம் எடையுள்ள டிஎக்ஸ் 24 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் 2023இல் வந்தது.

பொருந்தும் லென்ஸெல்லாம் முழுமையாக இயங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் குவியப்படுத்தும் மோட்டார் கிடையாது. ஆகவே மோட்டார் இல்லாத பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை அவற்றில் பொருத்தினால் கையால் வளையத்தைத் திருப்பித்தான் குவியப்படுத்த வேண்டும். லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் என்ற குறி இருந்தால் மோட்டார் அதற்குள்ளேயே உள்ளது என்று பொருள். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி பெரும்பாலான மலிவு பிரைம் லென்ஸ்களில் இல்லை. சோனியின் 35, 50 மி.மீ. எஃப் 1.8 ஏபிஎஸ்-சி லென்ஸ்கள் அதற்கு விதிவிலக்கு. அவ்வசதி லென்ஸிலோ கேமராவிலோ இல்லாதபோது, குவியத் தொலைவைக் கிராப் மடங்கால் பெருக்கி, நொடியை அந்த எண்ணால் வகுத்து வரும் ஷட்டர் வேகத்துக்குக் கீழே செல்லாமல் இருப்பது பழைய விதி: 50 மி.மீ. லென்ஸுக்கு 80இல் ஒரு பங்கு நொடி, 35 மி.மீ. லென்ஸுக்கு 50 அல்லது 60இல் ஒரு பங்கு நொடி. படத்தில் இருக்கும் குழந்தை ஓடினால் எந்தச் சமன்செய்யும் வசதியும் உதவாது. அங்கே வேண்டியது பெரிய துளையும் வேகமான ஷட்டரும்தான்.

பிரைம் லென்ஸ்களின் அமைப்பு எளியது என்பதால் அவற்றைப் பழையதாக வாங்குவதில் ஜூம் லென்ஸைவிட ஆபத்து குறைவு. ஆயினும் நம் ஊர்க் கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில் லென்ஸின் உள்வில்லைகளில் பூஞ்சை படர்வது மிகச் சாதாரணம். பூஞ்சை நீண்ட நாள் தங்கினால் வில்லையின் மேற்பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது. வாங்கும் முன் முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, கைப்பேசியின் டார்ச் ஒளியை ஒருபுறமிருந்து சாய்வாகச் செலுத்தி மறுபுறமிருந்து பார்த்தால், சிலந்தி இழையையொத்த வெண்ணிறக் கிளைகள் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். ஓரிரு தூசித் துகள்கள் படத்தைப் பாதிப்பதில்லை; அவற்றுக்காக நல்ல லென்ஸைத் தள்ளிவிட வேண்டியதில்லை. துளையைச் சுருக்கும் தகடுகளில் எண்ணெய்ப் பசை மின்னினால் அவை காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் லென்ஸைத் தமது கேமராவிலேயே பொருத்தி, துளையை முழுக்கத் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் சாய்வாகப் பிடித்த செய்தித்தாளின் ஒரு வரியில் குவியம் வைத்துச் சில படங்கள் எடுத்து, குவியம் வைத்த அதே வரிதான் தெளிவாக வருகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எஸ்.எல்.ஆர். கேமராக்களில் குவியம் முன்னுக்கோ பின்னுக்கோ பிசகுவது உண்டு. கிட் லென்ஸின் எஃப் 5.6இல் கண்ணுக்குத் தப்பிய அந்தப் பிசகு, எஃப் 1.8இல் பளிச்சென்று வெளிப்படும். வாங்கி வந்த லென்ஸைத் தோல் உறைக்குள் பூட்டிவைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலங்களைப் பருவத்துக்கு ஏற்றபடி மாற்றிவந்தால் போதும். மழைக்காலத்தில் அதை அடிக்கடி வெளியே எடுத்துப் படமெடுப்பதும் பூஞ்சையைத் தடுக்க உதவும்.